கலங்கல் தண்ணீரில் ஓர் ஈட்டி

மதியம் ஒன்றரை மணி. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனின் பெரியப்பாவுக்கு நடந்தது. வெல்டிங் பட்டறைக்காரர்.

ஆற்றுக்குப் போகும் மண்பாதையில் ஒரே ஒரு பைக். ஓட்டியது வெல்டர். பின்னால் அவர் மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். அவன் தோளில் ஐந்து முள் வைத்த ஈட்டி... வெல்டரே காய்ச்சி அடித்தது.

"இது ஈட்டியா மாமா, பல்குச்சியா?"

வெல்டர் சிரித்தார். பிறகு அவனே சொன்னான்.

"நாளைக்குக் காலைல அக்காவைக் கூட்டிட்டுப் போறேன்."

"எத்தனை நாளைக்கு மாப்ளே?"

"அவ கன்னத்து வீக்கம் வத்துற வரைக்கும்னு வச்சுக்குங்க. வத்தினாலும் அனுப்ப மாட்டேன்."

வெல்டர் மறுபடி சிரித்தார். "சரி. போறதுக்கு முன்னாடி நல்ல கெளுத்தியா சாப்பிட்டுட்டுப் போங்க."

அவள் போய்விட்டால், அந்த வீட்டில் அவர் குரலுக்குப் பயப்பட ஓர் ஆள்கூட இருக்காது.

ஆறு சேறாகக் கலங்கிக் கிடந்தது. மணிக்கட்டு வரை விட்டால் விரல் தெரியாது. அப்படிப்பட்ட தண்ணீரில் மீனைப் பார்த்துக் குத்த முடியாது. ஒருவன் முங்கி, மூழ்கிக் கிடக்கும் மரத்தின் வேர்ப்பொந்தை உதைத்து மீனைக் கிளப்புவான். மற்றவன் மார்பளவு தண்ணீரில் நின்று, குமிழி வரும் இடத்தில் குத்துவான். குத்தினால் உடனே தூக்கக் கூடாது. மீன் அடங்கும்வரை சேற்றோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முங்கியவன் ஈட்டிக்காரனின் முதுகுப் பக்கம்தான் எழ வேண்டும்.

அன்று முங்கியது தம்பி, ஈட்டி வெல்டர் கையில். குமிழி அவருக்கு முன்னால் வந்தது.

குத்தினார். கம்பு உதறியது. பெரிய மீன் என்றுதான் முதலில் நினைத்தார்... பிறகு தண்ணீருக்கு அடியில் ஐந்து விரல்கள் அந்தக் கம்பைப் பற்றித் தட்டின. டக். டக். டக்.

விட்டிருக்கலாம். அவர் நாளைக் காலையை நினைத்தார். உடம்பின் பாரத்தையெல்லாம் கம்பின்மேல் போட்டார்.

அடங்கும்வரை.

ஈட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். வழி நெடுக ஒத்திகை. 'வெள்ளம் இழுத்துட்டுப் போயிருச்சு... வெள்ளம் இழுத்துட்டுப் போயிருச்சு...' எங்கெங்கோ சுற்றி வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது.

மனைவி வாசலிலேயே நின்றாள். "ஏங்க இவ்வளவு நேரம்? தம்பி எப்பவோ வந்துட்டான். உள் ரூம்ல படுத்திருக்கான்."

குப்பென்று சேற்று வாடை. உள்ளே, ஈரத் துணி தரையில் உரசும் சத்தம்...

"எந்திரிக்க முடியலையாம். முதுகு தரையோட ஒட்டிக்கிச்சாம். 'மாமா வந்து ஒரு இழு இழுத்தா வந்துருவேன்'ங்கறான். எருமை, இந்த வயசுலயும் விளையாட்டு."

வெல்டர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"சரி விடுங்க, நானே இழுக்கிறேன்" என்று அவள் உள்ளே போனாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

முதலில் அவள் சிரிப்பு கேட்டது. பிறகு தண்ணீர் தளும்பும் சத்தம். பிறகு...

"என்னங்க... ஒரு கை குடுங்களேன்."

தாழ்ப்பாள் இல்லாத கதவு. தள்ளினால் திறந்துவிடும். அவர் எதிர்ச்சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு, "என்னங்க." இரண்டு மணிக்கு, "என்னங்க... வலிக்குதுங்க." எத்தனையோ வருடம் ஓர் அதட்டலில் அந்தக் குரலை அடக்கியவர், அன்று காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார்.

விடியும் நேரத்தில் குரல் நின்றது.

கதவைத் தள்ளினார். யாருமில்லை. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

அவர் அலறிக்கொண்டு ஆற்றுக்கு ஓட, தெருவே பின்னால் ஓடியது. நாலு பேர் முங்கினார்கள். அடியில் தம்பி. அவன்மேல் அக்கா. இருவருக்கும் ஒரே ஈட்டி.

தம்பி விறைத்துச் சில்லிட்டிருந்தான். அவளைத் தூக்கப் போனவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்...

அவள் உடம்பில் இன்னும் சூடு இருந்தது.