கோயில் வெடிக்குப் பிறகு

வாகரையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் மடியில் மனநலக் கிளினிக் கொப்பி.

"டொக்டரிட்ட பயமெண்டு மட்டும் சொல்லமாட்டன் புள்ள. நித்திரை வரல்லையெண்டு சொல்றன்."

"நித்திரைக்கா இவ்வளவு தூரம் போறம்? முந்தநாள் கோயில் திருவிழாவில வெடி போட, என்னை மண்ணில தள்ளி, தலையத் தூக்கவிடாம அமத்தினீங்களே, அதச் சொல்லுங்க."

"ஷெல் விழுதெண்டு நினைச்சிட்டன்."

"எனக்கு மூச்சே நிண்டுட்டுது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சண்டைக் காலத்தில, இயக்கத்தில பயமெண்டு சொன்ன பொடியன்மார உச்சி வெயில்ல முழங்கால்ல நிப்பாட்டினவன் நான். இப்ப நானே போய்ச் சொன்னா, நான் என்ன ஆம்புள?"

"போன மாசம் கிளினிக்கில நம்மளுக்குப் பக்கத்தில இருந்து அழுதவன் ஆமிக்காரன்தானே? அவனே பயமெண்டு சொல்றான்."

"அவன் சொல்லட்டும்."

பனிச்சங்கேணிப் பாலம் வந்தது. அவள் கொப்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, நீங்க சொல்ல வேணாம். எனக்குப் பயமெண்டு நான் சொல்றன்."

"உனக்கென்ன பயம்? வெடிக்கா?"

"உங்களப் பாத்துத்தான்."

முன் கம்பியைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் அவர் மெதுவாக எடுத்து, தன் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.