பாதி சார்ஜ்

லேப்டாப்பை முழுதாகச் சார்ஜ் ஏற்றிப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சுத்தமாகத் தீர்ந்த பிறகு தூக்கிப் பரண்மேல் போடுகிறவர்கள் அதைவிட மோசம். அடிக்கடி எடுக்காத லேப்டாப் என்றால் அதன் பேட்டரி பாதி சார்ஜில் இருக்க வேண்டும். சூடு படாத இடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் பாதிக்கு ஏற்றி, திரும்ப வைத்துவிட வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதைச் செய்ய ஊரில் ஓர் ஆளுக்கும் பொறுமை இல்லை.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். மூன்று முறை வாயால் சொல்லியாகிவிட்டது. நீங்களும் அதே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். எழுதினாலாவது விளங்குகிறதா பார்ப்போம்.

என் பெயர் அறிவுச்செல்வன். குடவாசலில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஆறு மா நிலமும் உண்டு. சும்மா கிடக்கிற பொருள் எப்படிக் கெடும் என்பது எனக்குத் தெரிந்த அளவு இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. மழைக்காலம் முழுக்க பம்ப்செட்டைத் தொடாமல் போட்டுவிட்டு, தை பிறந்ததும் "சுத்த மாட்டேங்குதுண்ணே" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். வாரம் ஒரு நாள் ஐந்து நிமிஷம் ஓட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் மோட்டாரைக் கழற்றுவேன்.

அந்த லேப்டாப் என் மனைவி கவிப்ரியாவுடையது. எம்.சி.ஏ. கடைசி வருஷத்தில் அவள் அப்பா துரைராசு வாங்கிக் கொடுத்தது. நாலு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு அதுவும் வந்தது. வந்த புதிதில் எந்நேரமும் சார்ஜரில் செருகியபடி, மெத்தைமேல் வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பாள். அடியில் கை வைத்தால் சுடும். ஒரு பேட்டரியை இத்தனை தடவைதான் ஏற்றி இறக்கலாம் என்று கணக்கு இருக்கிறது, வீணாக்காதே என்றேன். "வேலைக்கு அப்ளை பண்றேங்க. முடிஞ்சதும் எடுத்து வச்சிடுறேன்" என்றாள். நான் சத்தம் போடவில்லை. லேப்டாப்பை வாங்கி, பாதி சார்ஜில் நிறுத்தி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். மாதம் ஒரு தடவை நானே மெயில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு அவளே பாஸ்வேர்டைத் தந்தாள். போனையும் வாங்கிக்கொண்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு போன் போதாதா?

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் மாடியில் வடக்குப் பார்த்த அறை. பீரோவை அங்கே ஏற்றினேன். பிறகு கவிப்ரியாவையும் அந்த அறையிலேயே இருக்கச் சொன்னேன். கீழே இருந்தால் வாசலுக்குப் போவாள், கடைத்தெருவுக்குப் போவாள், வருகிற போகிறவர்களிடமெல்லாம் வேலையைப் பற்றியே பேசுவாள். நான் கடைக்குக் கிளம்பும்போது வெளித்தாழ்ப்பாள் போடுவேன். உள்ளேயே பாத்ரூம் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, சோறும் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் போவேன். பூட்டு போட்டது இரண்டாம் வருஷத்திலிருந்துதான்.

அடைத்தே வைத்திருந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நன்னிலத்தில் அவள் அம்மா வீட்டுக்கு நானே வண்டியில் அழைத்துப் போவேன். முதல் தடவை ஐந்து நாள் விட்டுவைத்தேன். திரும்பி வந்தவள் முகம் தெளிந்து, வாய் ஓயாமல் பேசினாள். திருச்சியில் தங்கி வேலை பார்க்கிறேன் என்றாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அடுத்த தடவையிலிருந்து இரண்டே நாள், நானும் கூடவே. ஒரு தடவை போகாமலே நிறுத்திப் பார்த்தேன். சோறு இறங்காமல் சுருண்டு படுத்துவிட்டாள், அதுவும் ஆகாது. இரண்டு நாள்தான் சரியான அளவு. "இளைச்சிட்டாளே மாப்ள" என்றார் மாமனார். "வெயில்ல அலையவிடாம நல்லாத்தான் வச்சிருக்கேன் மாமா" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

இனி மெயில் விஷயம். படிக்கும்போது அவள் ஆறு மாதம் பயிற்சிக்குப் போன கம்பெனி திருச்சியில் இருக்கிறது. கல்யாணமான நாலாம் மாதமே அங்கிருந்து வேலைக்கு வரச் சொல்லி எழுதினார்கள். குடும்பச் சூழ்நிலையால் வர இயலாது என்று கவிப்ரியா பெயரில் பதில் போட்டேன். விட்டார்களா? ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி எழுதினார்கள். மறுபடி பதில் போட்டேன்.

ஒவ்வொரு மாதமும் நான் லேப்டாப்பை மூடியதும் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்பாள்.

"ஏதும் வந்துச்சாங்க?"

"ஒண்ணும் வரலம்மா."

முதல் வருஷம் அழுதாள். பிறகு அழுகை நின்றது. "என்னை யாரும் எடுக்க மாட்டாங்க போல" என்று அவள் வாயாலேயே சொல்லத் தொடங்கிய பிறகு வீட்டில் சண்டையே இல்லை. ஒரு நாள் தாழ்ப்பாள் போட மறந்துபோய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவு திறந்தே கிடக்கிறது, அவள் உள்ளேதான் இருக்கிறாள். அதற்குமேல் அந்தப் பூட்டு வெறும் பழக்கம்.

போன வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல லேப்டாப்பை எடுத்தேன். அதே கம்பெனியிலிருந்து மூன்றாவது மெயில். பதில் அனுப்பினேன், சார்ஜை ஐம்பது சதவீதத்தில் நிறுத்தினேன். சார்ஜ் ஏறிய சூடு ஆறாமல் பீரோவுக்குள் வைக்கக் கூடாது என்பதால் மூடி மேஜைமேல் வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்திருந்த என் குறுவை நெல் மழையில் நனைகிறதாம். பன்னிரண்டு நாளாக எடை போடாமல் கிடப்பில் போட்டிருந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அறைக் கதவைப் பூட்டினேன். மேஜையை மறந்துவிட்டேன்.

மழையில் கரண்ட் போயிருக்கிறது. அறை இருட்டியதும் வெளிச்சத்துக்காகத்தான் மூடியைத் திறந்தாளாம். பேட்டரி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. காலையில் நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே வந்து நின்றிருக்கிறது. கம்பெனி எழுதிய மூன்றும், நான் எழுதிய மூன்றும், ஒன்றின்கீழ் ஒன்றாக. வேறு யாராவது வைத்திருந்த பேட்டரி என்றால் கரண்ட் போன அன்றைக்கு லேப்டாப் ஆன் ஆகியிருக்கவே ஆகியிருக்காது. நல்லதுக்குக் காலமில்லை மேடம்.

பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா அக்கா உங்களிடம் சொன்னது சரிதான். அவர் வீட்டு மாடி எங்கள் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. நாலு வருஷமாகத் துணி உலர்த்த வருகிறார். கவிப்ரியா ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அன்று மழைக்குத் துணி எடுக்க ஓடிவந்தவரைப் பார்த்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கு வேலை கிடைச்சிருக்குக்கா! கதவத் தொறக்கச் சொல்லுங்க" என்று கத்தியிருக்கிறாள். பூட்டை உடைத்தது அந்த அக்காவின் தம்பி சலாஹுதீன். அதற்கு நான் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, மூன்று மெயிலுக்கும் பதில் எழுதியது நான்தான். வரவில்லை என்று நாலு வருஷம் சொன்னதும் நான்தான். கதவைப் பூட்டியதும் நான்தான். ஏன் என்று கேட்கிறீர்கள். வேலைக்குப் போனால் திரும்பி வர மாட்டாள், அதனால்தான். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

இப்போது பக்கத்து அறையில் அவள் அப்பா கூட இருக்க, கவிப்ரியா நான் இங்கிலீஷில் எழுதிய அந்தப் பதில்களை உங்கள் ஏட்டம்மாவுக்கு வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இங்கே நன்றாகக் கேட்கிறது. எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறேன் என்று நீங்களே கேளுங்கள். "என் கணவர் என்னைக் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறார், எனக்கு வேறெதுவும் தேவையில்லை" என்று மூன்றிலும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது தடவை அந்த வரி வந்தபோது அவள் குரல் நின்றுவிட்டது. மனம் இளகியிருக்கும். வண்டியை வாசலில்தான் நிறுத்தியிருக்கிறேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளை என்னோடு அனுப்பி வையுங்கள்.