சார் ரத்தமும் ஒரு ஸ்ட்ரிப்பும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ், ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் காலேஜ் ஐடி கார்டு தொங்கியவள் தோழியிடம் சொன்னாள்:

"எங்க சார் ரத்தம் நார்மல் இல்லடி. அதனாலதான் என் ஸ்ட்ரிப் பொழைச்சுது."

அதற்கப்புறம் நான் போனைப் பார்க்கவில்லை.

"என்ன ஸ்ட்ரிப்?"

"சுகருக்கு, ப்ராஜெக்ட்டுக்கு நானே செஞ்சது. ரத்தத்துல இருக்கற புரதத்துல எவ்ளோ சர்க்கரை ஒட்டியிருக்குன்னு காட்டும். சுகர் இல்லாதவங்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும். எங்க லேப்ல அதுக்கு எப்பவும் கைடு சார் ரத்தம்தான். அவருக்கு ஒவ்வொரு தடவையும் அதிகமாவே காட்டுச்சு. ஸ்ட்ரிப் தப்பு, தூக்கிப் போடுன்னாரு."

"போட்டியா?"

"நான் ஏன் போடணும்? அதே ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பினேன். அங்கயும் அதிகம்தான்."

"அவரு இதுவரைக்கும் டெஸ்ட்டே எடுத்ததில்லையா?"

"எடுப்பாரு. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் சோத்தைத் தொட மாட்டாரு. அன்னிக்கு சுகர் இறங்கிடும். புரதத்துல ஒட்டினது வாரக்கணக்கா அப்படியே இருக்கும்."

"திட்டினாரா?"

"இல்ல. அவரே தன்னோட ரத்த டியூபை எடுத்து சுகர் பேஷண்ட் ஸ்டாண்டுல வெச்சாரு."

பஸ் நகர்ந்தது.

"இப்ப நார்மலுக்கு யாரு ரத்தம்?"

"தனக்கும் காட்டிடுமோன்னு லேப்ல ஒருத்தரும் விரல் நீட்ட மாட்டேங்கறாங்க. ஸ்ட்ரிப் வேலை செய்யுதுன்னு அதுலயே தெரியுதுல்ல?"