நடுவே ஒரு கூட்ஸ்

சண்முகத்தாய்: கத்தாதீக. எதுத்த ரயிலு சன்னல்ல நீங்க இருக்கிறதப் பாத்துட்டுத்தான் மூஞ்சியத் திருப்புனேன்.

கண்ணுச்சாமி: அதான் நானும் கத்துதேன் தாயி.

பாண்டிச்செல்வம்: பக்கத்து சீட்டுக்காரன் கேக்கேன், யாரு அண்ணாச்சி அந்தம்மா?

கண்ணுச்சாமி: கூடப்பெறந்தவ. சிவகாசியில கட்டிக் குடுத்திருக்கு. பேசி ரெண்டு வருசமாச்சு.

பாண்டிச்செல்வம்: அப்ப நல்லாப் பேசுங்க. நடு லயன்ல கூட்ஸ் போறவரைக்கும் ரெண்டு வண்டியும் நகராது. முந்தி சிமிண்டு மூட்டை விருதுநகர்ல எறங்கி, சின்ன வண்டிக்கு மாறும். இப்ப அகலப்பாதை. மூட்டை நேராப் போகுது, டிக்கெட் எடுத்த நாம ஒதுங்கி நிக்கோம்.

கண்ணுச்சாமி: தாயி... எங்கன கெளம்பிட்டே?

சண்முகத்தாய்: சூலக்கரைக்கு. கலெக்டர் ஆபீசுல ஒரு மனு. நீங்க?

கண்ணுச்சாமி: நானா... பல்லு வலி. சிவகாசியில ஒரு டாக்டர்... கைராசிக்காரராம்.

சண்முகத்தாய்: எந்தப் பல்லு?

கண்ணுச்சாமி: இந்தா, இந்தப் பக்கம்... இல்ல, மேல.

பாண்டிச்செல்வம்: அண்ணாச்சி, இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. டாக்டரும் கெடையாது, கலெக்டரும் கெடையாது.

கண்ணுச்சாமி: நீரு சும்மா இரும்யா.

பாண்டிச்செல்வம்: இருக்கேன். மடியில தாம்பாளம், பட்டுச்சேலை, வெத்தலை... அம்புட்டுமா பல்லு டாக்டருக்கு?

சண்முகத்தாய்: ...அது யாருக்கு?

கண்ணுச்சாமி: உன் மக சினேகாவுக்கு. வர்ற வியாழக்கெழமை கல்யாணமாமே? ஊருக்கெல்லாம் பத்திரிகை. தாய்மாமனுக்கு மட்டும் இல்ல. சரி, மாமன் சீரை வாசல்ல வச்சுட்டாவது வந்துருவோம்னு...

சண்முகத்தாய்: சாவுக்குக் கோடி கொண்டாராத மாமனுக்குச் சீரு எதுக்கு? உங்க மச்சான் செத்த அன்னைக்கு, அண்ணன் கோடிச்சேலையோட வரட்டும்னு பொழுதடையிறவரைக்கும் தூக்காமப் போட்டிருந்தோம். கடைசியில பக்கத்து வீட்டுக்காரி சேலையத்தான் என் மேல போத்துனாக.

கண்ணுச்சாமி: அந்த வருசந்தான் தண்டவாளத்தப் பேத்துப் போட்டிருந்தாகளே... ரயிலே இல்லியே தாயி.

சண்முகத்தாய்: ரயிலு இல்ல. பஸ்ஸுமா இல்ல? மாப்பிள்ளை வீட்ல கேக்காக, தாய்மாமன் எங்கேன்னு. மேடையில அந்த எடத்துல நான் யாரக் கொண்டு நிறுத்த?

பாண்டிச்செல்வம்: அந்தா வந்துருச்சு கூட்ஸ்! கையை உள்ள இழுங்க!

கண்ணுச்சாமி: தாயி... அன்னைக்கு நான்...

சண்முகத்தாய்: என்னது? கேக்கல!

பாண்டிச்செல்வம்: இனி நாப்பது பெட்டிக்கு ஒண்ணும் கேக்காது. எங்கிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. பஸ் கெடைக்கலியா?

கண்ணுச்சாமி: கெடச்சுதுய்யா. மொத பஸ்ஸு! விடியுமுன்ன சிவகாசியில எறங்கிட்டேன்!

பாண்டிச்செல்வம்: சத்தமாச் சொல்லுங்க!

கண்ணுச்சாமி: எறங்கிட்டேங்கேன்! சேலைய மடியில வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில உக்காந்தவந்தான். எந்திரிக்க முடியல!

பாண்டிச்செல்வம்: ஏன், மேலுக்கு முடியலியா?

கண்ணுச்சாமி: புத்திக்கு முடியல! அஞ்சு ஏக்கர் வெள்ளாமை பாக்கிற ஆளு, சின்னப்பிள்ளை மாதிரி கணக்குப் போட்டேன்யா!

பாண்டிச்செல்வம்: என்ன கணக்கு? அண்ணாச்சி, கடைசிப் பெட்டி வருது, மெதுவா...

கண்ணுச்சாமி: நான் கோடி கொண்டு போனாத்தான அவ பொட்டை அழிப்பாக! போகாட்டி, என் தங்கச்சி நெத்தியில பொட்டு இருக்கும்ல!

பாண்டிச்செல்வம்: கூட்ஸ் போயிருச்சு அண்ணாச்சி. ரெண்டு வண்டியும் உங்களத்தான் பாக்குது.

கண்ணுச்சாமி: தாயி... காதுல விழுந்துருச்சா?

பாண்டிச்செல்வம்: உங்க வண்டிக்குக் கைகாட்டி விழுந்துருச்சும்மா, கெளம்பப் போகுது, ஏதாச்சும் சொல்லுங்க!

சண்முகத்தாய்: எறங்குண்ணே... நானும் எறங்குதேன். பத்திரிகை வைக்க உன் வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன். ஆளுக்கு ஒரு பூட்டுன வீட்டைப் பாத்துட்டுத் திரும்பவா?