கப்பலைக் கண்டால் திருப்பாதீங்க

அறந்தாங்கியிலிருந்து தூத்துக்குடி போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டு அம்மாள் கணவரிடம் சொன்னார்: "நாளைக்கு டெஸ்ட்ல, கப்பலப் பாத்ததும் பழக்கத்துல போட்டைத் திருப்பிப்புடாதீங்க."

"ஜெகதாப்பட்டினத்துல இத்தன வருசமா நேவிக் கப்பல் வெளிச்சம் தெரிஞ்சாலே ஒதுங்கி ஓடுன மீனவன் நான். இழுவைப் படகு வேலைன்னா அதுகிட்டயே போயி தொறமுகத்துக்கு இழுத்துட்டு வரணுமே!"

"அங்கிட்டும் முன்னாடி நம்ம கடல் மாரியே ஆழம் கம்மியாம். கப்பல் தூரத்துல நிக்குமாம், தோணிக்காரங்கதான் போயி சரக்க எறக்குனாங்களாம். பெறகுதான் ஆழமாத் தொறமுகம் கட்டுனாங்க."

"இந்த வேலை கெடைச்சா, எல்லை தாண்டிட்டேன்னு எவனும் பிடிக்க மாட்டான்ல?"

"மாட்டான். நானும் நிம்மதியாத் தூங்குவேன்."

"கப்பல் மலையாட்டம் இருக்குமே?"

"இருக்கட்டும். அதுக்குத் தனியாக் கரைக்கு வரத் தெரியாது. நீங்கதான் கூட்டியாரணும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிணற்றில்கூட நீந்தத் தெரியாத நானும்.