தம்பி அழுதால் எரியும் விளக்கு

கணிப்பொறிக் கூடத்தின் காவலரே! கண்டிப்பில் கருங்கல்லே, கனிவில் கற்கண்டே! 'தெரியாது' என்று சொன்ன பிள்ளையை ஒருநாளும் தலைகுனிய விடாத தாயே! இன்று பணி நிறைவு காணும் எங்கள் ஆசிரியை அவர்களே! தங்களோடு உழைத்தும், தங்களிடம் அவ்வப்போது வாங்கிக் கட்டிக்கொண்டும் வளர்ந்த நாங்கள் நெஞ்சு நெகிழ்ந்து வாசிக்கும் மடல் இது.

தாங்கள் வந்த நாளில் கூடத்தில் மருந்துக்குக்கூட ஒரு பெண்பிள்ளை இல்லை. வேலை கிடைக்கும், சம்பளம் கிடைக்கும் என்று நாங்கள் தொண்டை வறளக் கூவியும் ஒன்றும் நடக்கவில்லை. தாங்களோ வகுப்பு வகுப்பாகப் போய், "உங்க வீட்டுல எது கஷ்டமா இருக்கு? அதுக்கு ஏதாவது செய்வோமா?" என்று கேட்டீர்கள்.

கணக்கில் புலியான ஒருத்தி மட்டும் பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடுவாள். தையற்காரரான அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேளாது. அம்மா அடுப்படியில் நிற்கையில் கைக்குழந்தைத் தம்பி அழுதால் ஓடிப்போய்ச் சொல்ல அவள் வேண்டும். அதனால் மேற்படிப்பே வேண்டாம் என்றிருந்தாள். தாங்கள் புத்தி சொல்லவில்லை. அழுகுரலுக்கு எரியும் விளக்கு ஒன்றைச் செய்ய அவளோடு உட்கார்ந்தீர்கள்.

அடடா, அந்த விளக்கு! தம்பி அழுதாலும் எரிந்தது. குக்கர் விசிலடித்தாலும் எரிந்தது. அப்பா குறட்டை விட்டாலும் எரிந்தது. அம்மா ஓடி ஓடிக் களைத்தார். விசிலுக்கும் குறட்டைக்கும் எரியாதபடி அவள் மாற்றியமைத்தாள். அன்றோ தம்பி சிணுங்கியும் அது எரியவில்லை. தேம்பியவளிடம் தாங்கள் சொன்னீர்கள்: "தப்பா எரிஞ்சா பரவாயில்லம்மா. எரியாம மட்டும் இருந்துடக் கூடாது."

விசிலுக்கும் குறட்டைக்கும் மறுபடி எரியும்படியே அவள் விட்டுவிட்டாள். 'நீ போய்ப் படி, நான் ஓடிக்கொள்கிறேன்' என்று அம்மா கையசைத்துச் சொன்னார். அவள் வெளியூர் விடுதிக்குப் போனாள். சேதி பரவி, சக்கர நாற்காலி போகக்கூடிய வழியைக் காட்டவும், தெருக்குழாயில் தண்ணீர் வந்ததை வீட்டுக்குச் சொல்லவும் கருவி செய்ய ஆசைப்பட்டுப் பெண்பிள்ளைகள் திரண்டார்கள். இன்று கூடத்தில் எங்களுக்கே உட்கார நாற்காலி இல்லை.

அவளே எங்கள் உடன் ஆசிரியையாகி, இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் குரலைக் கேட்க முடியாத பெற்றோர் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் பழைய விளக்கை மேடையில் வைத்திருக்கிறோம்.

அம்மா, நோயின்றி, குறையின்றி, சிரித்த முகத்தோடு நெடுங்காலம் வாழுங்கள்! இதோ கைதட்டப் போகிறோம். விளக்கு அணையும்வரை தாங்கள் மேடையைவிட்டு இறங்கக் கூடாது.

என்றும் தங்கள் அன்பில்,
கணிப்பொறிக் கூடத்து உடன் பணியாளர்கள்