இரண்டு மணிக்கு யார் திருப்பியது?

இரவு ஒன்பதே கால். பழைய மில்லுக்குப் பின்னால் போகிற சாலை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வறண்ட வாய்க்கால். விளக்குக் கம்பங்கள் ஏழு இருந்தன. எரிந்தவை இரண்டு. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக ஸ்கூட்டரில் போகிறாள்...

இருங்கள், சொல்லுகிறேன். பாயை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போடுங்கள். நம் ஆட்கள் உள்ளே வார்டில் தூங்குகிறார்கள். துணைக்கு வந்த நமக்குத்தான் இந்தக் கூடத்தில் தூக்கமில்லை. சத்தம் கேட்டால் வாட்ச்மேன் வந்துவிடுவார். லாரிக்காரரே, உங்கள் சிரிப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

என் மனைவியின் தோழி ஒருத்தி. அவளுடைய நாத்தனார் ஒரு நர்ஸ். அந்த நர்ஸுக்கு நடந்தது இது. நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் சொன்னவளுக்குக் கற்பனை என்பதே கிடையாது. பார்த்த சினிமாவைக்கூட ஒழுங்காகத் திருப்பிச் சொல்லத் தெரியாதவள்.

"சரி சரி, கதைக்கு வாங்க. எனக்கு இப்பவே கை சில்லுன்னு இருக்கு," என்றார் தெர்மாஸ் அக்கா. அவர் பெயர் நமக்கு யாருக்கும் தெரியாது. தெர்மாஸ் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததும் இல்லை.

நர்ஸுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. ஓர் ஆராய்ச்சியில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாற்பது வீடுகளில் கணக்கெடுத்தார்கள். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். இல்லாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் சிவந்து, புண்ணாகி, ஆளையே கொண்டுபோய்விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். திருப்பினால் நேரத்துக்கு எதிரே ஒரு டிக் போட வேண்டும். வீட்டுக்காரர்களுக்குச் சொல்லாமல் இன்னொன்றும் செய்தார்கள். மெத்தைக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. ஆள் புரண்டால் அதில் நேரம் பதிந்துவிடும்.

நர்ஸ் லேசில் யாரையும் நம்ப மாட்டாள். தாளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவாள், இது ராத்திரி முழித்துப் போட்ட டிக்கா, காலையில் காபி குடித்துக்கொண்டே வரிசையாகப் போட்ட டிக்கா என்று. படிக்கிற காலத்தில் அவளே ஒரு வார்டில் ராத்திரி முழுவதற்கும் சேர்த்து ஒரே மூச்சில் டிக் போட்டவள்தானே. பாம்பின் கால் பாம்பறியும்.

அந்தச் சாலையின் கடைசி வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும். அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது, இரண்டு பக்கமும் விழுந்த பக்கவாதம். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சில்லை. கண் மட்டும் பேசும். தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காதான். பகலில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார், ராத்திரி அவன்.

தாளில் பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எல்லாவற்றுக்கும் டிக். எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. காலையில் போட்ட டிக் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாட்டினான் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை எடுத்துப் பார்த்தாள். பெட்டியிலும் பன்னிரண்டு, இரண்டு, நான்கு. பெட்டி வைத்த பத்தொன்பது ராத்திரியும். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை.

உடலைச் சோதித்தாள். முதுகில், இடுப்பில், குதிகாலில் எங்கும் ஒரு சிவப்பு இல்லை. நான்கு வருஷமாகப் படுத்தே இருக்கிற உடம்பு... குழந்தைத் தோல் மாதிரி இருந்ததாம்.

நமக்கென்றால் சந்தோஷமாக இருக்கும். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பகலெல்லாம் எஞ்சினுக்கு அடியில் கிடக்கிறவன் ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் தவறாமல் எழுந்திருப்பானா?

பெட்டியைக் காட்டிக் கேட்டாள். அவன் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

"பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர். பன்னெண்டு மணிக்கு நான் திருப்புவேன். அப்புறம் கட்டையாட்டம் தூங்கிடுவேன். காலைல பாத்தா அக்கா வேற பக்கம் திரும்பி இருக்கும். முதுகுக்குத் தலகாணி அண்டக் குடுத்திருக்கும். அதான் டிக் போட்டேன்."

"அப்ப யார் திருப்புறது?"

"தெரியாது."

"நாலு வருஷமா நடக்குது... யாருன்னு பாக்கலையா?"

"பாக்கல சிஸ்டர். பாத்தா நின்னுடுமோன்னு பயம்."

நீங்களாக இருந்தால் நம்புவீர்களா? அவளும் நம்பவில்லை. எவளையோ வீட்டுக்குள் வைத்திருக்கிறான், படிப்பில்லாத ஆளை வைத்து வேலை வாங்குகிறான், அக்காவுக்கு ஏதோ தூக்க மருந்து கொடுக்கிறான்... மனசுக்குள் என்னென்னவோ ஓடியது. ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

அவன் பதறிவிட்டான். "வேணாம் சிஸ்டர். பெட்டி போடுங்க, தாள் குடுங்க, என்ன வேணா பண்ணுங்க. உக்காந்து மட்டும் பாக்காதீங்க."

அவன் கெஞ்சக் கெஞ்ச அவளுக்குச் சந்தேகம்தான் அதிகமானது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிறானே, அப்போது குதிரைத்தானே முதலில் திறக்க வேண்டும்?

அவன் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டர் கண்டிப்பானவர். கவனிப்பு இல்லாத வீடு என்று நர்ஸ் எழுதிக் கொடுத்தால், நோயாளியைக் காப்பகத்துக்கு மாற்றச் சொல்லிவிடுவார். ஒரே ஒரு தாள் போதும், அக்கா அவன் கையைவிட்டுப் போய்விடுவாள்.

அப்படித்தான் அந்த ஒன்பதே கால் மணிக்கு அவள் அந்தச் சாலையில் போனாள்.

உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்த ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. பார்க்கலாம், எழுதலாம். நோயாளிமேல் கை வைக்கக் கூடாது. கை வைத்தால் கணக்குக் கெட்டுப்போகும். அறை மூலையில் நாற்காலியைப் போட்டு, மடியில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரில் சின்னப் பச்சை விளக்கு. பன்னிரண்டு மணிக்குத் தம்பி வந்து அக்காவை இடது பக்கம் திருப்பி, தலையணை வைத்து, நெற்றியைத் தடவிவிட்டு, முன்னறைக்குப் போனான். பத்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

ஒன்று... ஒன்றரை...

இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசனை வந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டின் வாசனை. கூடவே கொஞ்சம் பவுடர். வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அப்போது அடுப்பு எரியவில்லை.

பிறகு ஒரு சத்தம்... சர்ர்ர். விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி இழுக்கிற சத்தம். விரிப்பு அசையவில்லை.

கட்டிலில் அக்காவின் கண் திறந்திருந்தது. அந்தக் கண் முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தது. ஆள் முகத்தைப் பார்க்கிற உயரத்தில்... பிறகு மெதுவாக மூலைக்கு வந்து நர்ஸைப் பார்த்தது. பிறகு கதவைப் பார்த்தது. மறுபடி நர்ஸை, மறுபடி கதவை.

"வெளிய போன்னு சொல்றாங்க," என்றார் தெர்மாஸ் அக்கா மெதுவாக.

உங்களுக்குப் புரிகிறது. அவளுக்கும் புரிந்ததாம். புரிந்தும் எழுந்திருக்கவில்லை. வந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை அவளைத் தாண்டிக் கதவுப் பக்கமாகப் போயிற்று. அவள் கன்னத்தில் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பு பட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

இரண்டே கால். யாரும் திருப்பவில்லை. மூன்று, நான்கு, ஐந்து... ஒரே பக்கமாகக் கிடந்தாள் அந்த அக்கா. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணை நனைந்துபோயிற்று.

எனக்கு இங்கேதான் கோபம் வருகிறது. இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். இரண்டு கை இருக்கிறது. எழுந்து போய் ஒரு தடவை புரட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்? விதியாம்! கணக்குக் கெட்டுப்போகுமாம்!

விடிந்ததும் இடுப்பைப் பார்த்தாள். இடது பக்க எலும்புமேல் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினாள். நல்ல தோலாக இருந்தால் அழுத்தின இடம் வெளுத்துவிட்டுப் பிறகு நிறம் திரும்பும். இது வெளுக்கவே இல்லை. புண்ணின் ஆரம்பம் அதுதான்.

'இரவு இரண்டு, நான்கு மணி: திருப்பப்படவில்லை. கவனிப்பு இல்லை.' எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தான் பார்த்ததை அப்படியே எழுதினாள், அதில் பொய் எதுவும் இல்லை.

அந்த வாரமே ஆம்புலன்ஸ் வந்தது. தம்பி வாசலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். காப்பகத்தில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும், ஆட்கள் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். முப்பது படுக்கைக்கு இரண்டு ஆயாக்கள். அந்தச் சிவப்பு புண்ணானது, புண் குழியானது. இருபத்து மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி ஒருநாள் நர்ஸின் வீட்டுக்கு வந்தான். திட்டவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்.

"நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய போயிருந்தா போதும் சிஸ்டர்."

அவ்வளவுதான். போய்விட்டான்.

"அதோட முடிஞ்சுதா?" என்றார் லாரிக்காரர். இப்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்தது. தூக்கத்தில் அந்த வாசனை... வெந்நீர்த் துண்டு, பவுடர். தோளுக்கு அடியில் ஒரு கை நுழைந்தது. இடுப்புக்கு அடியில் இன்னொரு கை. அவசரம் இல்லை, வலிக்கவும் இல்லை. தொழில் தெரிந்த கை. அப்படியே அவளைப் புரட்டி வைத்தது. அவள் கண்ணைத் திறந்தாள். மணி இரண்டு.

பக்கத்தில் கணவர் நல்ல தூக்கம். கனவு என்றுதான் நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. ஒருவரை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, அந்தப் பக்கம் நின்று நம்மை நோக்கி இழுக்க வேண்டும். அவளே நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தது. அவள் இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை.

தினமும் இரண்டு மணி, நான்கு மணி. கணவரிடம் சொன்னாள். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். ஒருநாள் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தார்.

அன்று யாரும் வரவில்லை.

காலையில் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கை கால் எல்லாம் இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது, ஆனால் தானாகப் புரள முடியவில்லை. இடது இடுப்பில் ஒரு சிவப்பு. கணவர் அழுத்திப் பார்த்தார். வெளுக்கவில்லை.

பெரிய பெரிய டாக்டரெல்லாம் பார்த்தாகிவிட்டது. ஸ்கேன் சுத்தம், ரத்தம் சுத்தம். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். ஆனால் அவள் இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறாள்.

பகலில் கணவர் திருப்புகிறார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடைசியாகத் திருப்பியதும் கால்மாட்டில் இரண்டு தலையணைகளை எடுத்து வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து படுத்துவிடுகிறார். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு தலையணை அவள் முதுகுக்குப் பின்னால், இன்னொன்று முழங்கால்களுக்கு நடுவில். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்காதாம்.

"ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலையா அவரு?" என்றார் தெர்மாஸ் அக்கா.

பார்க்கத் துணிச்சல் இல்லை. ஒரே ஒரு நாள் இரண்டு மணிக்குக் கதவில் காதை வைத்துக் கேட்டாராம். விரிப்பை நீவுகிற சத்தம் கேட்டது. பிறகு தூக்கக் கலக்கத்தில் தன் மனைவி யாரிடமோ சொல்வது கேட்டது.

"போதும்க்கா... நீ போய்ப் படு."